மேற்கு ஜன்னல் வெயில்

நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டால் ஜனவரி இருபத்தொன்றாம் தேதி வரை சூரியன் தலைகாட்டாத, நார்வே நாட்டின் வடகோடிக் கடற்கரை ஊர் ஒன்றுக்கு, மீன்களுக்கு வரும் நோய்களைப் பற்றி மேற்படிப்புப் படிக்க ஜனவரி மூன்றாம் தேதி வந்து இறங்கிய சண்முகவடிவு, மறுநாள் காலை எட்டரை மணிக்குக் கண்விழித்தபோது, அவளுடைய அறைத் தரையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே இருட்டுதான். தெருவிளக்கின் கீழ் பனி பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது, யாரோ ஒரு ஆள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நாயை நடத்திப் போனார், அதற்கும் அப்பால் கடல் எது மலை எது என்று தெரியாமல் ஒரே கறுப்பு. அந்தக் கறுப்பின் வழியாகத்தான் வெயில் வந்து, கண்ணாடியைத் தாண்டி, கட்டிலின் கால்மாட்டில் சாய்வாக விழுந்து கிடந்தது. கண்ணாடியில் கம்பி கிடையாது. ஆனால் தரையில் கிடந்த வெயிலில் ஏழு கம்பிகளின் நிழல் இருந்தது, மூன்றாவது கம்பி வளைந்திருந்தது. ஏழு வயதில் அந்தக் கம்பிகளுக்கு நடுவே தலையை விட்டு எடுக்க முடியாமல் அவள் அழுதபோது, அப்பா கீழ்வீட்டு ஆட்டோக்காரரிடம் ஜாக்கி வாங்கி வந்து வளைத்த கம்பி அது.

அது கோவில்பட்டி ஹவுசிங் போர்டு குடியிருப்பின் முதல் மாடியில், அவள் வீட்டுக்கு இருக்கும் ஒரே ஜன்னலான மேற்கு ஜன்னலின் வெயில். மத்தியானம் ஒரு மணிக்கு உள்ளே நுழைந்தால் ஆறேகால் வரை எழுந்து போகாத வெயில். காலண்டரில் இருந்த முருகனை மூன்று மாதத்தில் வெளுக்க வைத்த, தயிரை ஒரு மணி நேரத்தில் புளிக்க வைத்த வெயில். அவளுடைய அம்மா உயிரோடு இருந்த நாளெல்லாம் நனைத்த சேலையை ஜன்னலில் கட்டி, "இந்தச் சனியன் எங்கயாவது தொலையாதா" என்று திட்டிக்கொண்டே இருந்து, இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதத்தில் அதைத் திட்டுவதற்கு ஆளில்லாமல் ஆக்கிவிட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

வடிவு ஆச்சரியப்படவில்லை. மூன்று விமானம் மாறி வந்த உடம்பு அது, ஆச்சரியப்படும் நிலையில் இல்லை. ஈரமான காலுறைகளைக் கம்பி நிழல்மேல் விரித்துப் போட்டாள், அப்பா கட்டிக்கொடுத்ததில் மிச்சமிருந்த புளியோதரையை எடுத்துக்கொண்டு வெயிலுக்குள் சப்பணமிட்டு உட்கார்ந்தாள், முதுகு சுடச்சுடச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்த பிறகுதான் அழுகை வந்தது.

அங்கே மாலை நாலு மணி, இங்கே பதினொன்றரை. அப்பா வீடியோவில் வந்தார். குருசாமி என்ற அவர், வீட்டின் முன்னறையிலேயே மேற்கு ஜன்னலை ஒட்டி ஒரு மேசை போட்டு, செல்போன் பழுது பார்க்கிறவர். மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு கடுகளவு திருகாணிகளோடு மல்லுக்கட்டுகிற வேலை. அதே கண்ணாடிகளோடு போனுக்குள் குனிந்து மகளை நெடுநேரம் பார்த்தார்.

"அப்பா, கேக்குதா?"

"கேக்குது தாயி. சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்ப்பா."

"குளுரு?"

"வெளியதான்ப்பா. ரூமுக்குள்ள ஒண்ணும் தெரியல. அங்க எப்படி, வெயில் கொளுத்துதா?"

"எங்க. வீடு ஐஸ் வச்ச மாதிரி குளுந்து கெடக்கு. உங்கம்மா பார்த்திருந்தா சந்தோசப்பட்டிருப்பா." பிறகு சொன்னார்: "தினம் இதே நேரத்துக்குக் கூப்பிடு. நாலு மணிக்கு. அப்பதான் உம் மூஞ்சி தெளிவாத் தெரியுது."

அவர் வீட்டுக்கு வெளியே, எல்லா வீட்டு ஜன்னல்களையும் தொட்டுக்கொண்டு போகும் நீள வராண்டாவில் நின்று பேசுகிறார் என்பதை அவள் பார்த்தாள். ஆனால் அதைப் பற்றி நினைக்கவில்லை. வந்த புதிதில் நினைப்பதற்கு அவளுக்கு வேறு எவ்வளவோ இருந்தது. காவல் நிலையத்துக்குப் போய் விரல் ரேகை வைக்க வேண்டும், பனிக்கட்டியில் வழுக்காமல் இருக்க ஷூவுக்கு அடியில் ஆணிப்பட்டை மாட்டிக்கொள்ளப் பழக வேண்டும், பேருந்தில் யார் பக்கத்திலும் உட்காரக்கூடாது என்பதை அறிந்துகொள்ள வேண்டும், மீன் எண்ணெயைக் காலையில் ஒரு கரண்டி குடிக்க வேண்டும், முகத்தைப் பார்த்துச் சிரித்தால் மனிதர்கள் ஏன் திடுக்கிடுகிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். அவளோடு வந்த மற்ற புதிய மாணவர்கள் நாலாம் நாளே முகம் இருண்டு, வகுப்பில் கொட்டாவி விட்டு, ஊருக்குப் போன் போட்டுக் கழிப்பறையில் அழுதார்கள். வடிவு மட்டும் எட்டரைக்கு வருவதும் ஒன்றே முக்காலுக்குப் போவதுமான வெயிலில் குளித்துக் கறுத்து, தெளிந்து, நடமாடினாள்.

முதலில் தெரிந்துகொண்டவள் பக்கத்து அறை ஸில்யே. சமையலறையைச் சுத்தம் செய்யும் முறைப் பட்டியலைக் கொடுக்க வந்தவள், கதவருகே நின்றாள், தரையைப் பார்த்தாள், காலுறைகளைக் கழற்றினாள், இரண்டு பாதங்களையும் வெயிலுக்குள் வைத்துக்கொண்டு இருபது நிமிடம் அப்படியே நின்றாள். பிறகு, "குப்பையை வகை பிரித்துப் போட வேண்டும், இந்த வாரம் உன் முறை" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த நாள் பட்டியலில் வடிவின் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதியிருந்தாள்.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆர்னே வந்தார். ஜன்னல் சட்டத்தைத் தட்டினார், இடுக்குகளில் காற்று வருகிறதா என்று நனைத்த விரலை வைத்துப் பார்த்தார், வெயிலில் தன் வெப்பமானியைக் கால்மணி நேரம் வைத்திருந்து எடுத்துக் குறித்துக்கொண்டார். "ஜன்னல் நன்றாக உள்ளது. வெயில் வருகிறது. நடவடிக்கை தேவையில்லை" என்று நோட்டில் எழுதி வடிவிடம் கையெழுத்து வாங்கினார். மறுநாள் தன் மனைவியின் ஜெரேனியம் செடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு மூலையில் இருந்தால் போதும், தொந்தரவு தராது என்றார், ஏதோ ஒரு பிள்ளையை விட்டுப் போகிறவர் போல.

அதன் பிறகு ஊரே வந்தது. அந்த ஊருக்கே உரிய முறையில், சத்தமில்லாமல், வெயில் எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்காமல், கதவில் ஒட்டிய தாளில் தங்கள் பெயரைத் தாங்களே எழுதி, ஆளுக்கு அரைமணி, ஒரு நேரத்தில் ஆறு பேர் என்று தங்களுக்குள் விதி வகுத்துக்கொண்டு வந்தார்கள். ஷூக்களை வெளியே வரிசையாகக் கழற்றி வைத்தார்கள், கம்பி நிழல்களுக்கு நடுவே ஒரு ஆளுக்கு ஒரு பட்டையாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். மஞ்சள்காமாலை கண்ட பச்சைக் குழந்தையைத் துணியில்லாமல் கிடத்தினாள் ஒருத்தி. உப்பாத ரொட்டிமாவைப் பாத்திரத்தோடு கொண்டுவந்து வைத்தாள் இன்னொருத்தி. நூலகத்திலிருந்து நமுத்துப்போன புத்தகங்கள் வந்தன. பாலர் பள்ளியிலிருந்து ஐந்து பிள்ளைகள் ஒளிரும் சட்டை போட்டுக்கொண்டு கயிற்றைப் பிடித்தபடி வந்து, வெயிலோடு வந்த வராண்டாக் கொடிக்கயிற்றின் நிழலில் ஒரு காக்காயின் நிழல் வந்து உட்கார்ந்ததைப் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். போகிறவர்கள் எதையாவது வைத்துவிட்டுப் போனார்கள்: கம்பளிக் காலுறை, வாப்பிள், ஊறுகாய் போட்ட மீன், பழுப்பு நிறப் பாலாடைக்கட்டி. கடைத்தெருவில் அவளைக் கண்டால் "வாதிவூ" என்று தலையசைத்தார்கள். பேருந்தில் ஒரு பெண் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வந்து பத்து நாள்கூட ஆகாத ஒருத்திக்கு அந்த ஊர் அப்படி இடம் கொடுத்ததில்லை என்று ஸில்யே சொன்னாள்.

வந்தவர்களில் துர்தீஸ் என்ற பெண்ணும் ஒருத்தி. பல்கலைக்கழக கேண்டீனில் சமைக்கிறவள், ஐம்பத்துநாலு வயது. அவளுடைய ஒரே மகன் ஓலா, போன வருடம் இதே மாதத்தில், தொப்பியும் கையுறையும் இல்லாமல் வீட்டைவிட்டு நடந்து போனவன், மே மாதம் பனி உருகிய பிறகுதான் கிடைத்தான். அதற்கப்புறம் அவள் சரியாகத் தூங்கவில்லை. வடிவின் அறைக்கு வந்த முதல் நாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள், அரைமணி முடிந்தும் எழுந்திருக்காமல் வாயைத் திறந்து தூங்கிப்போனாள். அடுத்து வரவேண்டிய ஆறு பேரும் கதவருகே நின்று பார்த்துவிட்டு, தாளில் தங்கள் பெயர்களை அடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மறுநாளிலிருந்து தாளில் பன்னிரண்டு மணிக்குப் பிறகு யாரும் பெயர் எழுதவில்லை. அந்த நேரம் துர்தீஸுடையது என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

வெயிலில் ஒரு நாற்காலியின் நிழல் வரத் தொடங்கியது ஐந்தாம் நாளிலிருந்து. ஆறாம் நாள் அந்த நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். குனிந்த தலை, கூனிய முதுகு, கையில் சின்னதாக ஏதோ ஒன்று. வடிவுக்கு நெஞ்சுக்குள் பூரித்தது. அப்பா ஜன்னலுக்கு வெளியே வராண்டாவில் வந்து உட்கார்ந்து வேலை பார்க்கிறார், அவருடைய நிழல் கடல் தாண்டி வந்து என் கட்டில் பக்கத்தில் கிடக்கிறது என்று நினைத்தாள். வகுப்பிலிருந்து ஓடி வந்து அந்த நிழலின் தோள் இருக்குமிடத்தில் கையை வைத்துப் பார்ப்பாள். வந்தவர்களும் அதை மிதிக்காமல் சுற்றிப்போய் உட்கார்ந்தார்கள். பாலர் பள்ளிப் பிள்ளைகள் போகும்போது அதற்குக் கையசைத்தார்கள்.

எட்டு நாள் இப்படிப் போனது. ஒன்பதாம் நாள் துர்தீஸ் தூங்கி எழுந்து, நிழலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"இது யார்?"

"என் அப்பா."

"உங்கள் ஊரில் வெயில் கடுமையானது என்று சொன்னாயே."

"ஆமாம். ஒரு நிமிடம் நிற்க முடியாது."

"அப்படியென்றால் இவர் ஏன் வீட்டுக்குள் போகாமல் வெயிலிலேயே உட்கார்ந்திருக்கிறார்?"

வடிவு அந்த நிழலைத் திரும்பிப் பார்த்தாள். மறுநாள் நாலு மணிக்குக் கூப்பிட்டபோது அப்பாவிடம் கேட்டாள். காத்தோட்டமா இருக்கு தாயி, என்றார். அவருடைய வலது காலில் ஒரு துணி சுற்றியிருந்ததைப் போன் சரிந்தபோது அவள் பார்த்துவிட்டாள். செருப்பு கடிச்சிருச்சு, என்றார்.

அவள் எதிர்வீட்டு மெர்சி டீச்சரைக் கூப்பிட்டாள். அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிற டீச்சர், பொய் சொல்லத் தெரியாதவர்.

"உங்கப்பா சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு வடிவு. நீயாக் கேட்டதால சொல்லுதேன்" என்றார் டீச்சர். "நீ போய்ச் சேந்த மறுநாள்லருந்து உங்க வீட்டுக்குள்ள வெளிச்சம் இல்ல. ஜன்னல் வரைக்கும் வெயில் வருது, கம்பியத் தாண்ட மாட்டேங்குது. டியூப் லைட்டப் போட்டா எரியுது, எரியுதது நல்லாத் தெரியுது, ஆனா எதையும் காட்டல. மெழுகுவத்தியும் அப்படித்தான். லைன்மேன் வந்து மீட்டரப் பார்த்துட்டு, கரண்ட்டெல்லாம் வருது, வெளிச்சம் எங்க டிபார்ட்மென்ட் இல்லன்னுட்டுப் போயிட்டாரு."

"எல்லாரும் என்ன சொல்றாங்க டீச்சர்?"

"என்ன சொல்ல. மொத ரெண்டு நாள் பயந்தாங்க. அப்புறம் பழகிட்டாங்க. பி பிளாக் செண்பகத்துக்கு ஒத்தத் தலைவலில்ல, அவ வந்து உங்க அடுக்களையில படுத்துக்கிடுதா, சரியாப் போகுதாம். நைட் ஷிப்டு பாக்குற ஆளுக பகல்ல வந்து தூங்குதாங்க. நானே நேத்து மாவுச்சட்டியக் கொண்டுபோய் வச்சேன், பொய் சொல்லக் கூடாது, புளிக்கவே இல்ல. உங்கப்பா யாரையும் வேணாங்கல. ஆனா அவருதான் உள்ள இருக்க முடியாமப் போச்சு. அடுப்புல சுடுதண்ணி இருந்தது தெரியாம கால்ல கவுத்துக்கிட்டாரு. கால் பூராக் கொப்புளம். வேல, சாப்பாடு, படுக்கை எல்லாம் வராண்டாவுலதான். அந்த வெயில்ல உக்காந்து திருகாணி தேடுதாரு வடிவு, எங்களால பாக்க முடியல."

வடிவு அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஆறு பேர் ஆறு பட்டைகளில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை சூடு பரவிய தரையில் காலை உதைத்துக்கொண்டிருந்தது. ஜெரேனியம் ஒரு மொட்டு விட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் நடுவே அப்பாவின் நிழல் குனிந்திருந்தது, கையை உயர்த்திக் கழுத்து வியர்வையைத் துடைத்தது.

மறுநாள் நாலு மணிக்கு அவள் எடுத்த எடுப்பிலேயே கேட்டாள். "ஏம்ப்பா சொல்லல?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டீச்சர் சொல்லிட்டாங்களா."

"நம்ம வெயில் இங்க வந்துருச்சுப்பா."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"மொத நாளே தெரியும். உம் மூஞ்சியில கம்பி நெழல் விழுந்துச்சுல்லா, கோணக் கம்பி. நான் வளச்ச கம்பி எனக்குத் தெரியாதா." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "அங்க சூரியனே வராதுன்னு படிச்சுட்டு, நீ போறதுக்கு முந்தி ஒரு மாசம் நான் தூங்கல. பச்சப்பிள்ளைய இருட்டுக்குள்ள அனுப்புதமேன்னு. இப்ப நல்லாத் தூங்குதேன். எனக்கு என்ன, இங்க வெளிய வந்தா நாலு பக்கமும் வெயிலு. வீட்டுக்குள்ள இல்லாட்டி என்ன குடி முழுகிப்போச்சு. நீ வச்சுக்கோ."

"கால் வெந்து கெடக்கு."

"அது ஆறிரும்."

"எனக்கு வேணாம்ப்பா."

"தாயி," என்றார் அவர், "அம்மா போனதுக்கு அப்புறம் உனக்குன்னு நான் எதுவும் செய்யல. ஒரு நல்ல சேல எடுத்துக் குடுக்கத் தெரியல, ஒரு ஆறுதல் சொல்லத் தெரியல. இதாவது எங்கிட்டருந்து வந்ததா இருந்துட்டுப் போகட்டும்."

அவள் போனை வைத்த பிறகு சமையலறைக்குப் போனாள், ஸில்யேயிடம் சொன்னாள். ஸில்யே மற்றவர்களிடம் சொன்னாள். சாயங்காலம் சமையலறை மேசையைச் சுற்றி ஆர்னே, நூலகப் பெண், குழந்தையின் தாய், இன்னும் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள். அந்த ஊரில் எதையும் உட்கார்ந்து காபி குடித்துத்தான் முடிவு செய்வார்கள். வடிவு சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசவில்லை. குழந்தையின் தாய்தான் கேட்டாள், சூரியன் திரும்ப இன்னும் ஏழே நாள்தான் இருக்கிறது, அதுவரை பொறுக்க முடியாதா என்று. கேட்டதும் அவளே தலையைக் குனிந்துகொண்டாள். ஆர்னே பாக்கெட்டிலிருந்து அளவு நாடாவை எடுத்து, ஜன்னலின் அகலம் எனக்குத் தெரியும், ஆனாலும் இன்னொரு தடவை அளந்துவிடுகிறேன் என்று எழுந்து போனார்.

துர்தீஸ் கடைசியில் நின்றிருந்தாள். வடிவு அவளிடம் போனாள்.

"நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

"என்னைக் கேட்காதே" என்றாள் துர்தீஸ். "நான் ஒரு வருடத்துக்குப் பிறகு இந்தச் சில நாளாகத்தான் தூங்கியிருக்கிறேன். என்னைக் கேட்டால் மூடாதே என்றுதான் சொல்வேன். அதனால் கேட்காதே." கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தாள். "ஓலா போன அன்று என் வீட்டில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. ஒன்றும் அவனுக்குப் போய்ச் சேரவில்லை. உன் அப்பாவுக்கு எப்படி அனுப்பத் தெரிந்தது என்று எனக்குப் புரியவில்லை."

அடுத்த நாள் ஒன்றே முக்காலுக்கு வெயில் போன பிறகு, ஆர்னே ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தார். வடிவு பக்கத்தில் நின்று திருகாணிகளை எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் காலை எட்டரைக்குப் பலகையின் ஓரங்களில் வெயில் கசிந்து வந்து, தரையில் நூல் நூலாக விழுந்தது. அவள் அதைப் பார்க்காமல் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே இருட்டுக்குள் நடக்கப் போய்விட்டாள். துர்தீஸும் கூட நடந்தாள். ஆணிப்பட்டைகள் மட்டும் பனிக்கட்டியில் கறுமுறுவென்று பேசிக்கொண்டன. ஒன்றே முக்கால் வரை துறைமுகம், மீன் கிடங்கு, தேவாலயம், பாலம் என்று நடந்துவிட்டு வந்தார்கள். இரண்டாம் நாள் நூல் மெலிந்தது. மூன்றாம் நாள் எட்டரைக்கு அறையில் ஒன்றுமில்லை. வடிவு பலகையைக் கழற்றச் சொன்னாள். கண்ணாடிக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது, தெருவிளக்கின் நீலம் மட்டும் கொஞ்சம் உள்ளே வந்தது. ஜெரேனியத்தை ஆர்னே எடுத்துப் போனார். கதவிலிருந்த தாளை யாரோ கிழிக்காமல் பக்குவமாக உரித்து எடுத்து, மடித்து, அவள் மேசைமேல் வைத்திருந்தார்கள்.

மெர்சி டீச்சர் கூப்பிடுவார் என்று காத்திருந்தாள். டீச்சர் கூப்பிட்டார்.

"வெயில் வந்துருச்சு வடிவு. நேத்து மத்தியானம் ஒரு மணிக்கு உங்க வீட்டுக்குள்ள எல்லாம் பளிச்சுன்னு ஆயிருச்சு. செண்பகம் கண்ணக் கூசிக்கிட்டு எந்திரிச்சு ஓடுனா."

"அப்பா உள்ள போயிட்டாங்களா?"

"உங்கப்பா ஜன்னல் கதவச் சாத்திட்டாரு. உள்பக்கம் கோணிச்சாக்க வேற அடச்சு வச்சிருக்காரு, டியூப் லைட்டுகூடப் போடல. வெயில் திரும்பி உங்கிட்டயே போகணுமாம். நாங்க சொல்லிப் பார்த்துட்டோம். காலக் கெந்திக்கிட்டு மறுபடி வராண்டாவுல வந்து உக்காந்துட்டாரு."

அன்று நாலு மணிக்கு அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள், கன்னம் கருகி உதடு வெடித்திருந்தது. அவள் அறையின் மங்கலில் அவருக்கு அவள் முகம் தெரியவில்லை. போனைத் தள்ளி வைத்தும் கிட்ட வைத்தும் பார்த்தார்.

"தொறங்கப்பா."

"உனக்கு அங்க வந்துருச்சா சொல்லு. தொறக்கேன்."

"இருபத்தொண்ணாம் தேதி இங்க சூரியன் வரும்ப்பா. ஊரே மலையேறிப் போய்ப் பாப்பாங்களாம். அன்னைக்கு வந்துரும்."

"அப்ப அன்னைக்குத் தொறக்கேன்."

"சத்தியமா?"

"உம் மூஞ்சி வெயில்ல தெரியணும். தெரிஞ்ச நிமிசம் தொறக்கேன்."

இருபது வரை அவளுடைய அறையிலும் வெயில் இல்லை, அவள் வீட்டிலும் வெயில் இல்லை. ஒரு மணியிலிருந்து ஆறேகால் வரை அது வராண்டாவில், சாத்திய ஜன்னலுக்கு வெளியே, ஒரு கிழவரின் முதுகில் நின்றுகொண்டிருந்தது.

இருபத்தொன்றாம் தேதி காலையில் பள்ளிகள் பாடத்தை நிறுத்தின. கடைகள் அரைக்கதவு சாத்தின. ஊரே இனிப்பு ரொட்டிகளையும் காபி பிளாஸ்க்குகளையும் எடுத்துக்கொண்டு மலைமேல் ஏறியது, வடிவும் ஸில்யேயும் துர்தீஸும் ஏறினார்கள். தெற்கே இரண்டு சிகரங்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தைக் காட்டி, அங்கேதான் வரும், நாலு நிமிடம் நிற்கும் என்றார்கள். பதினொன்று ஆனது. வானம் ஒரு பக்கமாக வெளுத்தது, பிள்ளைகள் பாடத் தொடங்கினார்கள். அப்புறம் கடலிலிருந்து மேகம் எழுந்து வந்து, அந்தப் பள்ளத்தை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. மக்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள், ரொட்டியைச் சாப்பிட்டார்கள், நாளைக்குப் பார்ப்போம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு இறங்கினார்கள். அவர்களுக்கு நாளை இருந்தது.

அறைக்குள் வந்ததும் வடிவு, மலையிறங்க நேரமாகும் என்று அப்பாவை இன்று மட்டும் அங்கே ஐந்தரைக்குக் கூப்பிடச் சொல்லியிருந்தேன், இன்னும் அரைமணியில் கூப்பிடுவார் என்றாள். துர்தீஸ் அவளைப் பார்த்தாள், ஸில்யேயைப் பார்த்தாள். இரண்டு பேரும் வெளியே போனார்கள். அந்த ஊரில் பல வீடுகளில் குளிர்காலத்துக்கென்று ஒரு வெள்ளை விளக்கு வைத்திருப்பார்கள், காலையில் அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டால் மனம் சோராது என்பார்கள். ஸில்யே தன்னுடையதைக் கொண்டுவந்தாள், மேல்மாடியிலிருந்து இரண்டு வந்தன, ஆர்னே ஒன்றைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்தார், துர்தீஸ் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த விளக்கில் மஞ்சள் கண்ணாடித்தாள் ஒட்டியிருந்தது. மேசைமேல் இரண்டு, அலமாரிமேல் ஒன்று. மற்ற இரண்டையும் ஸில்யேயும் துர்தீஸும் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, போனில் தெரியாதபடி தள்ளி நின்றார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டபோது அறை கண்ணைக் குத்தியது.

அப்பா கூப்பிட்டார்.

"வந்துருச்சுப்பா" என்றாள் வடிவு. "பாருங்க. தெரியுதா?"

அவர் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். பூதக்கண்ணாடியை இறக்கிக்கொண்டார். கடுகளவு திருகாணியின் மரை தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கிறவர், எந்த போனில் எந்தப் பாகம் அசல், எந்தப் பாகம் போலி என்று தொட்டவுடன் சொல்கிறவர், மகளுடைய நெற்றியைப் பார்த்தார், இரண்டு கன்னத்தையும் பார்த்தார், மூக்கு நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தார். அவளுக்கு மூக்கு நிழலே விழவில்லை, ஐந்து பக்கமும் வெளிச்சம் இருந்தது. துர்தீஸ் விளக்கைக் கை மாற்றிப் பிடித்ததில் வடிவின் முகத்தின் ஒரு பாதி லேசாக ஆடியது.

"கண்ணு கூசுதா தாயி?"

"கூசுதுப்பா."

"அதான் தண்ணி வருது."

"ஆமாப்பா."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்ல வெளிச்சம்" என்றார். "நல்லாத் தெரியுது. உங்க ஊர்க்காரங்ககிட்டச் சொல்லு, அப்பா சொன்னாங்கன்னு. எம்புள்ள மூஞ்சி நல்லாத் தெரியுதுன்னு சொல்லு."

அவர் எழுந்தது தெரிந்தது. போன் கையில் ஆட ஆட, ஒரு காலை இழுத்து இழுத்து வீட்டுக்குள் போனார். கொஞ்ச நேரம் படத்தில் ஒன்றுமில்லை, இருட்டும் அவர் மூச்சும்தான். கோணிச்சாக்கு உரசும் சத்தம் கேட்டது, துருப்பிடித்த கொண்டி மூன்று முறை மக்கர் பண்ணும் சத்தம் கேட்டது. பிறகு ஜன்னல் திறந்தது. மேற்கு வெயில் மொத்தமும் போனின்மேல் விழுந்ததில் அவருடைய நரைத்த மீசையும், வெடித்த உதடும், இரண்டு கண்ணாடிகளும் வெள்ளைக்குள் கரைந்து போயின. அந்த வெள்ளைக்குள்ளிருந்து, "உள்ள வந்துட்டேன் தாயி, உக்காந்துட்டேன்" என்று அவர் சொல்வது மட்டும் கேட்டது.

அழைப்பு முடிந்த பிறகும் துர்தீஸ் விளக்கை இறக்கவில்லை.